விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் "அப்புறம்" சொல்லாதீர்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிகிறது, காது கேளாதோருக்கான நம் பள்ளியின் விடுதிப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போன லீவு முடிந்து வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் எப்படிப் போனது என்று விசாரித்தேன். ஒரு பையன் சைகையில் சொன்னான்: ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்து பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள், ஏன் சிரிக்கிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டால் 'அப்புறம்' என்று கையைக் காட்டிவிடுகிறார், அந்த அப்புறம் வரவே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று பாதி வகுப்பு கையைத் தூக்கியது. எனக்கு அன்றைக்குப் பாடம் நடத்த மனம் வரவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள்தான். சைகை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள், அது உண்மையில்லை. ஆனால் பழைய பயம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம், பேச்சுப் பயிற்சியே போதும் என்று தீர்மானம் போட்டது; அங்கே கூடியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்பவர்கள். அதன்பின் எத்தனையோ நாடுகளில் பிள்ளைகள் வாயசைவை ஊகித்தே படிக்க வேண்டியிருந்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம்!

சைகை மொழி என்பது தமிழைக் கையால் காட்டுவது இல்லை. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. நாம் 'எங்கே போகிறாய்' என்போம், பிள்ளைகள் 'எங்கே'யைக் கடைசியில் வைப்பார்கள். 'சாப்பிட்டாய்' என்பதை 'சாப்பிட்டாயா' ஆக்க நாம் ஓர் 'ஆ' சேர்க்கிறோம் இல்லையா, அந்த 'ஆ' அவர்களுக்குப் புருவத்தில் இருக்கிறது, புருவம் உயர்ந்தால் கேள்வி. அதனால் கையை மட்டும் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கே ஒரு சைகைப் பெயர் இருக்கிறது, கன்னக்குழியை வைத்தோ நெற்றித் தழும்பை வைத்தோ நண்பர்கள் சூட்டியது. உங்கள் பிள்ளையின் சைகைப் பெயர் தெரியுமா? கேளுங்கள், அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். தோளைத் தொட்டுக் கூப்பிடலாம், தூரத்தில் இருந்தால் விளக்கை அணைத்துப் போடலாம். 'ஊமை' என்று உறவுக்காரர் யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

சாப்பிடும்போது எல்லார் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். சிரித்தால் ஏன் என்று அப்போதே சொல்லுங்கள், அரைகுறைச் சைகையானாலும் சரி. டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன, யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

பள்ளி திறந்ததும் சனிக்கிழமைதோறும் காலை 10 மணிக்குப் பெற்றோருக்குச் சைகை வகுப்பு. நடத்துபவர் நம் பழைய மாணவி, அவருக்கும் காது கேட்காது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலையும் உண்டு. பாட்டி, அண்ணன், தங்கை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்