நீ அனுப்பிய வீட்டு பிளான்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பிளான் வந்தது. தங்கச்சி செல்போனில் பெரிசாக்கிக் காட்டினாள். மூன்று மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே நின்றால் கடல் தெரியுமாம். தோஹாவில் ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட பிளான் என்று பார்த்ததுமே தெரிந்தது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்பது வருஷம் கொத்தனாராகக் கரணை பிடித்த கை இது. தரங்கம்பாடிக் கோட்டை வாசலுக்கு உள்ளே நான் தொடாத பழைய சுவர் ரொம்பக் குறைவு. நீ இடிக்கச் சொல்கிற நம் வீட்டு முன்சுவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கடல். மாசிலாமணிநாதர் கோயில் வாசலில் அலை வந்து மோதிக்கொண்டிருந்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். எழுநூறு வருஷத்துக் கோயில், குலசேகர பாண்டியன் காலத்தது. கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்றுதான் இருக்கிறது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைத்தான் பிற்பாடு எடுத்துக் கட்டினார்கள். தரங்கம்பாடி என்றால் 'அலை பாடும் ஊர்' என்று வருகிறவர்களிடம் எல்லோரும் விளக்கம் சொல்கிறார்கள். பாடுகிறதோ என்னவோ, அது தின்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் பார்த்துக் கண்ணாடி வைக்கச் சொல்கிறாய்.

துறைமுகத்தால் வளர்ந்த ஊர் இது என்பார்கள். உள்ளபடி பார்த்தால் அந்தக் காலத்தில் இங்கே துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது, திறந்த கடல்தான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்கிற படகில் சரக்கை ஏற்றி, அலையைத் தாண்டி நம் ஆட்கள்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரனுக்கு இடம் கொடுத்தார். மிளகும் துணியும் வாங்கத்தான் வந்தான். வந்ததும் கோட்டை கட்டினான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. 1639க்குப் பிறகு முப்பது வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. அங்கே அவர்களுக்குச் சண்டை, இவர்களை அனுப்பிய வியாபாரக் கம்பெனியிடம் காசு இல்லை. கோட்டையில் இருந்தவர்களை மறந்தேவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் இங்கே இருந்த தலைவன் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான். சம்பளம் அனுப்ப ஆள் இல்லாத காலத்தில் மதில் கட்டியிருக்கிறார்கள் பார். கொத்தனாருக்குக் கூலி எப்படிக் கொடுத்திருப்பான் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு ஐயர் வந்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை இங்கேதான் அச்சடித்து 1715இல் முடித்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்றது. பாலாடைக்கட்டி வந்த டப்பாவின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்களாம். காகிதம் செய்யப் பொறையாறில் ஒரு பட்டறையும் போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஊர் செழித்தது இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்ட காலத்தில். டென்மார்க்காரன் எந்தப் பக்கமும் சேராமல் வியாபாரம் பார்த்தான். ராஜ வீதியில் தூண் வைத்த வீடுகளெல்லாம் அந்தப் பணத்தில் எழுந்தவை. நாம் நுழைகிற வாசலும் 1792இல் கட்டியதுதான். 1845இல் இந்த ஊரை இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டான், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே இது தலைமை ஊராக இருந்தது. 1860இல் கலெக்டர் கச்சேரி தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த வருஷமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கு ரயில் இருக்கிற இடத்துக்குத்தானே போகும்? கப்பலும் அங்கேயே போய்விட்டது.

நமக்கு ரயில் வந்தது 1926இல், எல்லாம் முடிந்த பிறகு. நான் மாயவரத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போனது அந்த ரயிலில்தான். பொறையாறு, திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில் என்று நின்று நின்று போகும். கூடையோடு மீன்காரம்மாக்கள் ஏறினால் பெட்டியே மணக்கும். 1986இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஊரில் காசு இல்லாமல் போனதால்தான் இந்த வீடுகள் பிழைத்தன. காசு இருந்திருந்தால் அப்போதே இடித்துக் கட்டியிருப்பார்கள். இப்போது உன்னைப் போலப் பிள்ளைகள் அனுப்புகிற காசு வருகிறது. வந்த காசு முதலில் சுவரைத்தான் தேடுகிறது.

நம் முன்சுவரில் எந்தக் கல்லும் சிமெண்டில் நிற்கவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு. கவர்னர் பங்களாவை டென்மார்க் அருங்காட்சியகத்தார் புதுப்பித்தபோது நானும் வேலை பார்த்தேனே, அங்கேயும் அதே கலவைதான். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். பதம் வந்துவிட்டால் கரணையிலிருந்து வெண்ணெய் மாதிரி வழுக்கி இறங்கும். கடுக்காய்த் தண்ணீர் புளித்த வாசனை ஒரு வாரம் கையைவிட்டுப் போகாது. உன் அம்மா சாப்பாடு போடும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்டுக்கு அது தெரியாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1994இல் நானே, ஊரில் எல்லோரும் செய்கிறார்களே என்று, கூடத்துச் சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினேன். பளபளவென்று இருந்தது. மூன்றாவது மழைக்கு உப்பு பூத்தது. ஐந்தாம் வருஷம் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே விரலை வைத்தால் செங்கல் மாவாகக் கொட்டியது. உன் தாத்தா அதற்காக என்னைத் திட்டவில்லை. ஈஸிசேரை அந்தச் சுவர்ப் பக்கத்திலிருந்து திண்ணைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தச் சுவரை மறுபடி கட்ட எனக்கு இரண்டு வருஷம் ஆனது, கூலி வேலை இல்லாத நாளாகப் பார்த்து.

உன் பிளானில் வருகிற கான்கிரீட் கம்பியும் அப்படித்தான். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரையோரம் இருபது வருஷத்துக் கட்டிடங்கள் கம்பி தெரிய நிற்பதை லீவில் வரும்போது காட்டுகிறேன்.

2004 பற்றி எழுத வரவில்லை. நீயே பார்த்தாய். உன் மாமா வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடக்கிறது. அவர்களுக்கெல்லாம் உள்ளே தள்ளித்தான் வீடு கட்டிக் கொடுத்தார்கள். இப்போது கல்லைக் கொட்டி மீன்பிடித் துறைமுகமும் கட்டிவிட்டார்கள். நானூறு வருஷத்துக்கு முன்னேயே கப்பல் வந்து நின்ற ஊருக்கு இப்போதுதான் துறைமுகம் வந்திருக்கிறது. மாமா பையன் படகு அங்கேதான் நிற்கிறது. நல்ல வசதி என்கிறான். இருக்கட்டும்.

சரி, என் யோசனை இது. திண்ணை, முன்சுவர், கூடம் மூன்றையும் தொடக் கூடாது. ஓட்டைப் பிரித்து, இற்றுப்போன கைமரத்தை மாற்றி, மறுபடி வேய்ந்துவிடலாம். பின்னால் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்கிற இடத்தில் உனக்கும் மருமகளுக்கும் இரண்டு அறை, ஒரு பாத்ரூம். மேலே ஒரு மாடி வேண்டுமானால் அந்த அறைகள்மேல் போட்டுக்கொள். கடற்கரைப் பக்கம் புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை, அதற்கும் நான்தான் அலைய வேண்டும். நீ சொன்ன பணத்தில் பாதி மிச்சமாகும். கடனை அடைத்துவிட்டுச் சீக்கிரம் ஊருக்கு வரப் பார்.

கோபப்படாதே. சுண்ணாம்பைப் போன வாரமே குழியில் நனைத்துவிட்டேன். நீ லீவுக்கு வருகிற நேரத்துக்குப் பதமாக இருக்கும். கடுக்காய் மாயவரத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. உன் பிளானில் மாடிப்படி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சரியாகத் தெரியவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பெரிசாக்கித் தங்கச்சிக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா