ரயில் போன பிறகும் சந்தை இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டாரத்திலிருந்து 32 பேர் குழுவாகத் தாய்லாந்து சென்று வந்தோம். பேங்காக்கிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேக்லோங் ரயில் சந்தையில் எனக்கு ஏற்பட்ட மனக்குறையே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

தண்டவாளத்தை ஒட்டியே கடை பரப்பியிருக்கும் அந்தத் திறந்தவெளிச் சந்தையைக் காணொளிகளில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ரயில் வரும் ஓசை கேட்டதும் வியாபாரிகள் நிழல்துணிகளை மடக்கி, சக்கரம் பொருத்திய தட்டுகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். 'குடை மடக்கும் சந்தை' என்று அதற்குப் பெயர் வந்தது அதனால்தான். தரையோடு கிடக்கும் காய்கறிக் கூறுகளையோ அவர்கள் தொடுவதுகூட இல்லை. ஒரு தக்காளியும் நசுங்காமல் ரயில் அவற்றின் மேலாகவே கடந்துபோகிறது.

இந்தக் காட்சிக்காக எங்கள் வழிகாட்டி 32 பேரையும் ஒரு மீன் கடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டார். நம் கானாங்கெளுத்தியின் இனத்தைச் சேர்ந்த சிறு மீன்கள், வட்டமான மூங்கில் கூடைகளில் அடங்குவதற்காகத் தலை மடக்கப்பட்டு, நாணிக் கோணி நிற்பவைபோல அடுக்கப்பட்டிருந்தன. மேக்லோங்கின் பெருமையே அந்த மீன்தான் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றாடச் சமையலுக்கு மீன் வாங்க வந்த உள்ளூர் அம்மாள் ஒருவர் எங்கள் தோள்களுக்கு மேலாகக் காசை நீட்ட, கடைக்காரரும் அவ்வாறே கூடையை நீட்ட, சொட்டிய மீன்நீர் என் தோழியின் சட்டைக் கையில் விழுந்தது. அந்த அம்மாள் முகம் சுளித்தார். ஞாயிறு காலையில் நம் சிங்கப்பூரின் தேக்கா சந்தை மீன் கடையருகே சுற்றுப்பயணிகள் வழிமறித்து நின்று படமெடுத்தால் நாம் எப்படி முகம் சுளிக்கிறோமோ, அதே சுளிப்பு. ஆனால் இம்முறை வழிமறித்து நின்றவர்கள் நாங்கள்.

ரயில் போனதும் வழிகாட்டியின் கொடி உயர்ந்தது, பேருந்துக்குத் திரும்பிவிட்டோம். சந்தையில் கழித்தது மொத்தம் 40 நிமிடம். அன்று மாலை, யாரும் கேட்காத ஒரு நகைக் கடையில் எங்களை அமர்த்தி வைத்ததோ ஒன்றரை மணி நேரம். இதற்கான காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 32 பேரில் சந்தையில் காசு கொடுத்து எதையாவது வாங்கியவர்கள் மூன்றே பேர். ஓடிப்போய் நான் வாங்கி வந்த ஒரு பம்பளிமாஸ் பழத்தைப் பேருந்தில் உரித்தபோது, இது எங்கே கிடைத்தது என்று பின்வரிசை வரை கேட்டார்கள்.

கூட்டமாகச் செல்வதில் தவறில்லை. மூத்தவர்கள் பலர் வெளிநாடு செல்வதே குழுப் பயணங்களால்தான். ஆனால், பெரிய குழுவை எட்டுப் பேர், பத்துப் பேராகப் பிரித்து, கடை வாசல்களை அடைக்காமல் நிற்கச் செய்வது ஏற்பாட்டாளர்களுக்குக் கடினமான காரியமன்று. திரும்பக் கூடும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள்.

டிசம்பர் விடுமுறைக்கான பயணத் திட்டங்கள் இப்போது தயாராகிக்கொண்டிருக்கும். நகைக் கடைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை எடுத்து, ரயில் போன பிறகு அந்தச் சந்தைக்குத் தந்துவிடுமாறு சுற்றுப்பயண நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்