அறியாமல் எறிந்த ஈட்டி

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். சரோஜாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, மற்றவை நேரில். "அறியாமல் செய்ததற்கு மனம் ஏன் உறுத்த வேண்டும்?" என்று உன் கடிதத்தின் ஓரத்தில் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே தேங்காய் விலைக்குத் தாவிவிட்டாய். கேள்வியைப் போட்டுவிட்டு நகர்வது உன் பழைய வழக்கம். இந்த முறை நான் விடுவதாக இல்லை.

பெரிக்ளிஸ் தலைவராக இருந்த காலத்துப் பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸிலும் இந்தக் கேள்வி எழுந்தது. போட்டியில் ஒருவர் எறிந்த ஈட்டி தவறுதலாகப் பட்டு மற்றொருவர் இறந்துவிட, குற்றம் ஈட்டியுடையதா, எறிந்தவருடையதா, போட்டியை நடத்தியவர்களுடையதா என்று பெரிக்ளிஸும் தத்துவ ஆசிரியர் புரோட்டகோரஸும் ஒரு நாள் முழுவதும் வாதிட்டார்களாம். பெரிக்ளிஸின் மூத்த மகன் இதைக் கேலியாகச் சொல்லித் திரிந்தான் என்கிறார், பெரிக்ளிஸின் வாழ்க்கை வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதிய புளூட்டார்க். எனக்கோ அந்த ஒரு நாள் போதாது என்றே படுகிறது. மனிதரைக் கொன்ற கல்லையும் இரும்பையும்கூட விசாரித்து எல்லைக்கு வெளியே எறிந்த ஊர் அது. கி.மு. 409-408-இல் அங்கே மறுபடி கல்லில் பொறிக்கப்பட்ட, பழங்காலச் சட்டமியற்றுநர் டிராக்கோவின் சட்டம், முன்திட்டமின்றிக் கொன்றவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. இறந்தவரின் தந்தை, சகோதரர்கள், மகன்கள் அனைவரும் இசைந்தால்தான் மன்னிப்பு, ஒருவர் மறுத்தாலும் இல்லை.

அறியாமையால் தீங்கு செய்தவர்களை அரிஸ்டாட்டில் இரண்டாகப் பிரிக்கிறார். பின்னர் வருந்துபவரின் செயலையே விருப்பத்துக்கு மாறானது என்கிறார். வருந்தாதவருக்கு அந்தப் பெயரைத் தர மறுக்கிறார். பிறகு வரும் வருத்தம், முன்பே முடிந்துபோன செயலின் தன்மையை எப்படித் தீர்மானிக்கும் என்று நீ உடனே மடக்குவாய். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தீங்கு அவர் மனத்துக்கு எவ்வளவு எதிரானது என்பதை வேறு எதைக் கொண்டு அறிவது?

சோஃபோக்ளீஸின் 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தைத்தான் இந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் அறியாமல் நிகழ்ந்தவை, சட்டத்தின் முன் தான் தூயவன் என்று முதிய ஈடிபஸ் உறுதியாக வாதிடுகிறான். அதே ஈடிபஸ், தன் மகள்களை மீட்டுத் தந்த ஏதென்ஸ் அரசன் தீசியஸின் கையைப் பற்ற நீட்டிய கையை, கறை படிந்த தன்னை அவன் தொடலாகாது என்று தானே பின்னிழுத்துக்கொள்கிறான். குற்றமில்லை என்பதும் கறை நீங்கவில்லை என்பதும் ஒரே மனிதனுக்குள் ஒன்றையொன்று பொய்யாக்காமல் நிற்கின்றன. உன் கேள்வி முதலாவதை மட்டுமே பார்க்கிறது என்பதுதான் என் வழக்கு.

எவரும் அறிந்தே தீமை செய்வதில்லை என்ற சாக்ரடீஸின் பக்கம் நீ ஒதுங்குவாய் என்று தெரியும். தாராளமாக ஒதுங்கு. ஆனால் ஈட்டி எறிந்தவர் இறந்தவரின் தந்தையை எதிரில் சந்தித்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
தியாகு