சர்வீஸ் லிஃப்ட் சர்க்குலர் பத்தி எங்க அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் சாருக்கும் செயலாளர் மேடத்துக்கும் கமிட்டில இருக்கற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

நான் வாடகைக்கு இருக்கறவ. மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டறது நான்தான், ஆனா ஏஜிஎம்ல, அதான் சங்கத்தோட வருஷாந்திர பொதுக்கூட்டத்துல, வாயத் திறக்க முடியாது, ஓனர்ஸ் மட்டும்தான் பேசலாம்னு ரூல். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல எழுதினா அஞ்சு நிமிஷத்துல அட்மின் வந்து "இது தனியா பேசிக்கோங்க"ன்னு போட்டு மூடிடுவாரு. அதான் எல்லாரும் படிக்கற மாதிரி இங்க எழுதறேன். எந்த அபார்ட்மெண்ட்னு சொல்லப் போறதில்ல, சென்னைல ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் இருக்கற பாதி அபார்ட்மெண்டுக்கு இது அப்படியே பொருந்தும், பேரு தேவையும் இல்ல.

விஷயம் என்னன்னா போன வாரம் லிஃப்ட் பக்கத்துல ஒட்டினீங்களே அந்த சர்க்குலர். வீட்டு வேலை செய்யறவங்க, டிரைவருங்க, டெலிவரி பசங்க எல்லாரும் இனிமே சர்வீஸ் லிஃப்ட்லதான் போகணும், மீறினா அபராதம், அந்த அபராதத்த அவங்க வேலை பாக்கற வீட்டு மெயின்டனன்ஸ் பில்லுல சேத்துடுவீங்க. கூடவே லாபி சோஃபாலயும் பார்க் பெஞ்சுலயும் "ஸ்டாஃப்" உக்காரக் கூடாதாம். காரணம் ஒரே வரி: குடியிருக்கறவங்களோட ஹைஜீன், சேஃப்டி.

முதல்ல ஹைஜீன எடுத்துக்கறேன். நம்ம டவருக்கு ஒரே ஒரு சர்வீஸ் லிஃப்ட். காலைல ஏழுலேந்து ஒம்பது வரைக்கும் அதுல என்னென்ன ஏறி எறங்குதுன்னு கமிட்டில யாராவது நின்னு பாத்திருக்கீங்களா? ஹவுஸ்கீப்பிங்காரர் ஒவ்வொரு மாடியா குப்பை டிரம்ம ஏத்திகிட்டு வருவாரு, ஞாயித்துக்கெழமைன்னா அதுலேந்து மீன் கழுவின தண்ணி தரையெல்லாம் சொட்டும், அவரு எறங்கறதுக்குள்ள இன்டீரியர் வேலைக்காரங்க பிளைவுட்டையும் டைல்ஸ் பசை மூட்டையையும் உள்ள தள்ளுவாங்க, அடுத்து தண்ணி கேன், கேஸ் சிலிண்டர். சரியா அதே நேரத்துலதான் வேலைக்கு வர்ற பொம்பளைங்க அத்தனை பேரும் வர்றாங்க. மேல வந்து நம்ம வீட்டு இட்லி மாவுல கரண்டி போடப் போறவங்கள அந்த டிரம்மோட ஒட்டி நிக்க வெச்சு அனுப்பிட்டு அதுக்கு ஹைஜீன்னு பேரு வெச்சா என்ன சொல்றது.

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவுக்கு இதே டவர்ல இன்னும் சில வீடு இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாடி. பாத்திரம் இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவுன்னு வேலைக் கணக்குலதான் சம்பளம், மணிக் கணக்குல இல்ல, அதனால லிஃப்டுக்கு காத்துகிட்டு நிக்கற நேரம் எந்த வீட்டுக் கணக்குலயும் ஏறாது, அது முழுக்க அவங்க தலைலதான் விழும். கடைசி வீட்டுக்கு போறப்ப லேட் ஆயிடும், அந்த வீட்டம்மா கேட் ஆப்ல என்ட்ரி டைம பாத்துட்டு ஒரு ஸ்டார கொறைச்சுடுவாங்க. ஆமா, ஸ்டார். சாப்பாடு ஆர்டர் பண்ணா போடற மாதிரி மனுஷங்களுக்கு போட்டுகிட்டு இருக்கோம், எத்தன மணிக்கு உள்ள வந்தாங்க எத்தன மணிக்கு வெளிய போனாங்க மாசத்துல எத்தன நாள் லீவுன்னு எல்லாம் நம்ம போன்ல இருக்கு. அவங்க நமக்கு ஸ்டார் போட ஒரு பட்டன் இருந்தா இங்க பல வீட்டுக்கு ஆளே கிடைக்காது, அதுல சில கமிட்டி வீடும் சேத்திதான், கோச்சுக்காதீங்க.

இப்ப ஒரு பழைய கதைய ஞாபகப்படுத்தறேன். முன்னாடி ஒரு தடவ நாய் வளக்கறவங்க எல்லாம் நாயோட சர்வீஸ் லிஃப்ட்லதான் போகணும்னு இதே கமிட்டி ரூல் போட்டுச்சு. என்ன ஆச்சு? ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் குரூப்ல சண்டை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல போட்ட வழிகாட்டுதல எடுத்து ஒருத்தர் குரூப்ல போட்டாரு, வளர்ப்பு நாய லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு குடியிருப்போர் சங்கம் சொல்ல முடியாதுன்னு அதுல தெளிவா இருக்கு. மறுநாளே ரூல் வாபஸ். எனக்கு நாய் மேல ஒரு கோவமும் இல்ல, எங்க மாடில இருக்கற லேப்ரடார் எனக்கு நல்ல ஃபிரண்டு. ஆனா அந்த லேப்ரடார காலைல வாக்கிங் கூட்டிட்டு போறதே ஒரு வேலைக்கார பொண்ணுதான். நாய் கூட இருந்தா அந்தப் பொண்ணு மெயின் லிஃப்ட்ல வரலாமா, நாய விட்டுட்டு கீழ போறப்ப சர்வீஸ் லிஃப்டா? சர்க்குலர்ல இத பத்தி ஒண்ணும் இல்ல, கேட்டு சொல்லுங்க.

சேஃப்டிக்கு வருவோம். வர்ற எல்லாரோட ஆதாரும் செக்யூரிட்டி ரூம்ல இருக்கு, போட்டோ ஆப்ல இருக்கு, பாதி வீட்டு சாவி அவங்க இடுப்புல இருக்கு. போறப்ப கேட்ல பைய தெறந்து காட்டிட்டுதான் போறாங்க, தீபாவளிக்கு நாம குடுத்த புடவைய எடுத்துட்டு போகணும்னா கூட வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட சீட்டு வேணும். மிச்சம் இருந்த சாம்பார ஒரு டப்பால ஊத்தி குடுத்ததுக்கு செக்யூரிட்டி மூடிய தெறந்து மோந்து பாத்தத நானே பாத்தேன், பாவம் அவருக்கும் அது கூச்சமாத்தான் இருந்துச்சு, மேல சொல்லியிருக்காங்கம்மான்னாரு. இதுக்கு மேல லிஃப்ட மாத்தி என்ன சேஃப்டி வந்துடப் போகுது?

சர்க்குலர்ல ஜாதின்னு ஒரு வார்த்தை கிடையாது, தெரியும். படிச்சவங்க எழுதினது, அப்படியெல்லாம் எழுத மாட்டீங்க. ஆனா சில வீட்டு யுடிலிட்டில, அதான் பாத்திரம் கழுவற இடத்துல, போய் பாருங்க, ஜன்னல் கட்டைல ஒரு டம்ளர் தனியா கவுத்து வெச்சிருக்கும், வீட்டு டம்ளரோட சேராம, விம் சோப்பு பக்கத்துல. ஏதோ ஒரு கிராமத்து டீக்கடைல இரட்டைக் குவளைன்னு நியூஸ் வந்தா நம்ம குரூப்ல "இந்தக் காலத்துலயுமா"ன்னு முதல்ல போடறதும் அதே வீடுங்கதான். தீண்டாமைய ஒழிச்சாச்சுன்னு அரசியல் சட்டத்தோட 17வது பிரிவு சொல்லுது, அத குத்தம்னு தண்டிக்க 1955லயே சட்டம் வந்துடுச்சு. லிஃப்ட்ல ஒட்டின பேப்பர் அந்த சட்டத்துக்குள்ள வருமா வராதான்னு வக்கீலுங்க சொல்லட்டும், எனக்கு அந்த டம்ளரும் இந்த பேப்பரும் ஒரே கை வெச்ச மாதிரிதான் தெரியுது.

இவங்க எல்லாம் எங்கேந்து வர்றாங்கன்னு தெரியுமா? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். முன்னாடி சிட்டிக்குள்ள கூவம் ஓரத்துலயும் அடையாறு ஓரத்துலயும் இருந்து பக்கத்து தெருவுல வேலை பாத்துகிட்டு இருந்தவங்க நெறைய பேரு, 2000லேந்து கொஞ்சம் கொஞ்சமா, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் மொத்தமா கொண்டு வந்து இந்தப் பக்கம் எறக்கினாங்க. பெரும்பாக்கத்துல எட்டு மாடி பிளாக்குங்க, அங்கயும் லிஃப்ட் இருக்கு, அடிக்கடி ரிப்பேர். எங்க அக்கா அஞ்சாவது மாடி. தண்ணிக் கொடத்தோட படி ஏறிட்டு, சமைச்சு வெச்சுட்டு, அவ்வளவு காலைல பஸ் புடிச்சு வந்து இங்க சர்வீஸ் லிஃப்ட் க்யூல நிக்கணும். 2021 மே மாசத்துலேந்து லேடீஸுக்கு சாதா கட்டண பஸ்ல டிக்கெட் இல்லைன்னு ஆச்சுல்ல, அப்ப நம்ம குரூப்ல ஒருத்தர் என்ன போட்டாரு தெரியுமா, "பஸ்தான் ஃப்ரீ ஆயிடுச்சே, இந்த வருஷம் சம்பளம் ஏத்த வேணாம்"னு. அதுக்கு கட்டை விரல் வேற விழுந்துச்சு.

சம்பளம்னதும் அந்த ரேட் கார்டு ஞாபகத்துக்கு வருது. பாத்திரத்துக்கு இதுக்கு மேல குடுக்காதீங்க, சமையலுக்கு இதுக்கு மேல குடுக்காதீங்க, மார்க்கெட்ட கெடுக்காதீங்கன்னு வருஷா வருஷம் சுத்துக்கு வருமே. ஆஃபீஸ்ல அப்ரைசல் வந்தா பத்து பர்சென்ட் பத்தலைன்னு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கற அதே ஆளுங்கதான் இத ஃபார்வர்டு பண்றாங்க. இருக்கறவங்கள்லாம் கூடி விலைய முடிவு பண்ணா அது மார்க்கெட்டா? வீட்டு வேலைக்கும் குறைந்தபட்ச கூலி உண்டுன்னு தமிழ்நாடு அரசு 2018ல ஆணை போட்டுச்சு, மணிக்கு 37 ரூபாலேந்து ஆரம்பம். அதுவே ரொம்பக் கம்மி, நான் சொல்றது அப்படி ஒண்ணு இருக்குன்னு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்? 2007லேந்து வீட்டுப் பணியாளர்களுக்குன்னு தனி நல வாரியம் இருக்கு, பதிஞ்சு வெச்சா பிள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு உதவித்தொகை வரும், அறுபது வயசுக்கு மேல பென்ஷன் வரும். அது எங்க அக்காவுக்கும் தெரியல. நாடு முழுக்க இவங்களுக்குன்னு தனிச் சட்டமே இன்னும் இல்ல, அத பத்தி யோசிக்க ஒரு நிபுணர் குழு போடுங்கன்னு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே மத்திய அரசுக்கு சொல்ல வேண்டியதா போச்சு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011ல வீட்டுப் பணியாளர்களுக்குன்னு கொண்டு வந்த 189வது உடன்படிக்கைய இந்தியா இன்னும் ஏத்து கையெழுத்து போடல. இதுக்கெல்லாம் டெல்லிய கேள்வி கேக்கணும், கேக்கறேன், அது வேற லெட்டர். ஆனா டாய்லெட் சாவி டெல்லில இல்ல, நம்ம சூப்பர்வைசர் டிராயர்ல இருக்கு.

லிஃப்ட விட எனக்கு இதுதான் பெரிய விஷயம். இவ்வளவு பெரிய கட்டடத்துல வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்குன்னு ஒரு டாய்லெட் கிடையாது. ஜெனரேட்டர் ரூமுக்கு பின்னாடி ஒண்ணு இருக்கு, செக்யூரிட்டி டிரைவர் எல்லாரும் போறது, உள்பக்கம் தாப்பாள் கழண்டு தொங்குது, அதுக்கும் பூட்டு. சாவி கேட்டு ஒரு ஆம்பளைகிட்ட போய் நிக்கணும். சில வீட்ல உள்ள போக விடுவாங்க, பல வீட்ல பாத்ரூம தேச்சு கழுவ மட்டும்தான் விடுவாங்க. அதனால என்ன பண்றாங்கன்னா தண்ணியே குடிக்கறதில்ல. காலைல வீட்ல ஒரு டீ, அதுக்கப்புறம் மத்தியானம் வீட்டுக்கு போனாத்தான். மே மாசத்துல கூட. தண்ணி குடுத்தா "வேணாம்மா, அப்புறம் அவஸ்தை"ன்னு எங்க அக்கா சொன்னப்ப எனக்கு முதல்ல அர்த்தமே புரியல. நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு போனா அந்த நாள் லீவு, லீவுன்னா சம்பளம் கட்டு. நீச்சல் குளம் பக்கத்துல லேடீஸ் டிரெஸ்ஸிங் ரூம்ல டாய்லெட்டுங்க வரிசையா இருக்கு, வாரம் முழுக்க காலியா பினாயில் வாசத்தோட மூடிக் கெடக்கு. அதுல ஒண்ணத் தெறந்து விடறதுக்கு பட்ஜெட் வேணாம், டெண்டர் வேணாம்.

ஸ்கூல் வேன் நேரத்துல மெயின் லிஃப்ட்ல கூட்டம்ங்கறது நிஜம்தான், அத நான் இல்லைங்கல. புள்ளைங்க பைய தூக்கிகிட்டு நிக்கறத நானும் பாக்கறேன். அதுக்கு வழி குப்பையையும் பிளைவுட்டையும் அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நிறுத்தறதுதான், காலைல ஆறரைக்கு முன்னாடி இல்ல பத்துக்கு அப்புறம்னு வெச்சுக்கோங்க. மூணு லிஃப்ட்லயும் எல்லாரும் போகட்டும், கூட்டம் தானா பிரிஞ்சுடும். பார்க் பெஞ்சு விஷயத்துக்கு நான் பதிலே எழுதப் போறதில்ல. ரெண்டு வீட்டு வேலைக்கு நடுவுல பத்து நிமிஷம் உக்காந்து டப்பாவ தெறந்து சாப்பிடறவங்கள எழுப்பி விடணும்னு யாருக்கு தோணுச்சோ அவங்களே யோசிச்சுக்கட்டும்.

2020 லாக்டவுன்ல மாசக் கணக்குல இவங்கள கேட்டுக்குள்ளயே விடாம வெச்சிருந்தோம், ஞாபகம் இருக்கா? பல வீட்ல அந்த மாசங்களுக்கு சம்பளமும் போகல. அப்ப மாப்பு புடிச்சு முதுகு வலிச்சவங்கள்லாம் "அவங்க அருமை இப்பதான் தெரியுது"ன்னு ஸ்டேட்டஸ் வெச்சாங்க. தெரிஞ்ச அருமைக்கு கிடைச்ச சர்க்குலர் இது.

அக்காகிட்ட இத பத்தி பேசினேன். "எனக்கு எதுக்கும்மா வம்பு, நான் படில ஏறிக்கறேன்"ன்னாங்க. அவங்க பயம் நியாயம், ஆப்ல அவங்க என்ட்ரிய பிளாக் பண்ண ஒரு நிமிஷம் ஆகாது, பண்ணா எங்க வீடு மட்டும் இல்ல, எல்லா வீட்டு வேலையும் ஒரே நாள்ல போயிடும். அதனால கமிட்டிகிட்ட ஒண்ணு சொல்லிக்கறேன்: இந்த லெட்டர எழுதினது நான், கோவம் இருந்தா எங்கிட்ட காட்டுங்க, வேலைக்கு வர்ற யாரோட பாஸையும் தொடாதீங்க. அபராதம்னு எங்க பில்லுல ஒரு வரி சேத்தீங்கன்னா அத கட்ட மாட்டேன், சங்கத்தோட எந்த பைலால (விதிமுறைல) எந்த ரூல்படின்னு எழுத்துல கேப்பேன்.

வர்ற ஏஜிஎம்ல சர்க்குலர வாபஸ் வாங்கறத பத்தி பேசணும்னு எங்க ஓனர் அஜெண்டால போட சொல்லி மெயில் அனுப்பியிருக்காரு, அவரு இருக்கறது துபாய்ல, ஆன்லைன்ல வந்து பேசறேன்னு சொல்லியிருக்காரு. டாய்லெட்டுக்கு ஏஜிஎம் வரைக்கும் காத்திருக்க வேணாம். தாப்பாள் நானே வாங்கித் தரேன், டிரெஸ்ஸிங் ரூம் சாவிய மட்டும் நாளைக்கு காலைல ஏழு மணிக்குள்ள லேடி செக்யூரிட்டிகிட்ட குடுத்து வெக்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ரெண்டாவது டவர் வாடகைக்காரி