எர்த் பார்க்காமல் எதையும் மாற்றாதே

அன்புள்ள மகன் கதிரவனுக்கு,

அப்பா எழுதுவது. நாமக்கல்லில் அம்மாவும் நானும் நலம். நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதற்கெல்லாம் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டால் பாதிதான் காதில் விழும். அதனால் எழுதி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை வண்டியின் டூல்ஸ் பெட்டியிலேயே வைத்துக்கொள்.

நீ சொன்ன அறிகுறிகள் நான்கு. காலையில் சாவியைத் திருப்பினால், இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சில நேரம் "டிக்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. இரவில் ஹெட்லைட் மங்குகிறது. பிரேக்கை மிதித்தால் இடப்பக்க இண்டிகேட்டர் முன்னும் பின்னும் மங்கலாக எரிகிறது. புதுப் பேட்டரி போட்ட பிறகு கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு, தொல்லை மறுபடியும் தலைகாட்டுகிறது. அங்குள்ள எலக்ட்ரீஷியன் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்து, 13.3 வோல்ட்தான் வருகிறது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, வயரிங்கையும் முழுதாக மாற்றிவிடலாம் என்கிறார். அவர் பார்த்த அளவு சரியாகவே இருக்கலாம், ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை.

நம்முடைய டாடா 407 போன்ற பழைய சிறு லாரியில், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் வயர் போகிறது. திரும்பி வரும் வழிக்கோ பெரும்பாலும் தனி வயர் கிடையாது, சேஸிஸ் என்னும் அடிச்சட்டமும் இன்ஜினும் பாடியின் இரும்புமே அந்த வழி. அதைத்தான் எர்த் என்கிறோம். பழுது தேடுகிறவர்கள் பெரும்பாலும் மின்சாரம் போகும் பக்கத்தையே பார்க்கிறார்கள். வாய்க்காலை மட்டும் பார்த்துவிட்டு வடிகாலைப் பார்க்காதவன் வயலில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று கேட்பதைப் போன்றது அது. நீ சொன்ன அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் எர்த் ஒன்றே காரணமாக இருக்க முடியும் என்பதால், அதைப் பார்த்து முடிக்கும்வரை எதற்கும் பணம் கொடுக்காதே.

முதலில் பின்விளக்கு, ஏனென்றால் அது உன் கண் முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது. இடப்பக்க விளக்குப் பெட்டியில் உள்ள பிரேக் பல்பும் இண்டிகேட்டர் பல்பும் 21 வாட்; இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், பெட்டியைப் பாடியோடு சேர்க்கும் போல்ட்டின் வழியாகவோ ஒரு சிறு வயரின் வழியாகவோ அது சேஸிஸுக்குப் போகிறது. அந்த இணைப்பு துருப்பிடித்துவிட்டால், பிரேக் பல்புக்குள் வந்த மின்சாரம் வெளியே போக வழியில்லாமல் பக்கத்திலுள்ள இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, இண்டிகேட்டர் வயர் வழியே வண்டியின் முன்னால் உள்ள இண்டிகேட்டர் பல்பு வரைக்கும் போய், அங்கே கிடைக்கும் நல்ல எர்த்தில் இறங்குகிறது. ஒரு பல்புக்கு வர வேண்டிய 12 வோல்ட்டை மூன்று பல்புகள் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 4 வோல்ட்தான் கிடைக்கும். மூன்றும் மங்கலாக எரிவதற்குக் காரணம் அதுதான். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷரிலோ சுவிட்சிலோ கோளாறு இருக்கும் என்று யாராவது டேஷ்போர்டைப் பிரிக்க வந்தால் விடாதே.

சோதனை எளிது. ஒரு நீண்ட வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறுமுனையை அந்த விளக்குப் பெட்டியில் சுரண்டிய இரும்பில் தொட்டுப் பிடி. யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்து இண்டிகேட்டர் அணைந்துவிட்டால், எர்த் போயிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றும் வண்டியில் சேஸிஸின் பின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்; நசுங்கிய பழத்தின் புளித்த சாறு வழிந்து அந்தப் போல்ட்டின் மேல்தான் விழுகிறது. போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டையும் துருவையும் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிய பிறகே மேலே கிரீஸ் பூசு. முதலிலேயே கிரீஸைப் பூசிவிட்டு முடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அதை நீ செய்யாதே.

இனி பெரிய எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தடித்த கேபிள் போகிறது. ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினைச் சேஸிஸோடு சேர்க்க, செம்புக் கம்பியால் பின்னிய பட்டை ஒன்று தனியாக உண்டு. எண்ணெயும் சேறும் படிந்து கிடக்கும் அந்தப் பட்டையை, அது அறுந்து தொங்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செல்ஃப் மோட்டார் சுழலும்போது 200 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். பட்டையின் இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே அங்கு மட்டும் 4 வோல்ட் காணாமல் போய்விடும். ஆனால் அதே பட்டையை மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட சுழியம்தான் காட்டும், சாதாரண மீட்டருக்கு அவ்வளவு சிறிய தடை தெரியாது. ஆகவே, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டேஜ் எங்கே விழுகிறது என்று அளப்பதுதான் நம்பத்தகுந்த வழி.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வை. ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டின் மீதே வைக்க வேண்டும். கேபிளைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் மேல் வைத்தால், கிளாம்புக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள பழுது கணக்கில் வராமல் போய்விடும். மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வை. வண்டியை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு நொடிகள் செல்ஃப் அடிக்கச் சொல். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால், ஈயத் தண்டிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து சேஸிஸுக்கு, சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு என்று துண்டு துண்டாக அளந்துகொண்டு போ. எந்தத் துண்டில் எண் தாவுகிறதோ, பழுது அங்கேதான் இருக்கிறது. செல்ஃப் அடித்த உடனே ஆக்சிலேட்டர் கேபிளையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் தொட்டுப் பார். பட்டை வேலை செய்யாதபோது மின்சாரம் இந்த மெல்லிய கம்பிகள் வழியே திரும்ப முயலும், அவை சூடாகிவிடும்.

எலக்ட்ரீஷியன் பார்த்த 13.3 வோல்ட்டுக்கும் இதுவே விளக்கமாக இருக்கலாம். ஆல்டர்னேட்டர் இன்ஜினோடு பொருத்தப்பட்டது; அதன் நெகட்டிவ் இன்ஜினின் இரும்புதான். அந்தப் பட்டை வழியாகத்தான் அது பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவான பி பிளஸ் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையே அளந்து பார். பிறகு பேட்டரியின் இரு தண்டுகளிலும் அளந்து பார். ஆல்டர்னேட்டரில் 13.8 முதல் 14.4 வரை இருந்து, பேட்டரியில் அரை வோல்ட்டோ அதற்கு மேலோ குறைந்தால், ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, வழிதான் கெட்டிருக்கிறது. புதுப் பேட்டரி கொஞ்ச நாள் தாங்கியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்: கடையிலிருந்து முழு சார்ஜோடு வந்தது, அரைகுறையாகச் சார்ஜ் ஏறி ஏறி இளைத்துவிட்டது. ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள். உள்ளே உள்ள டயோடுகள் அந்த நொடியே வெடித்துவிடக்கூடும்.

வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரி இறங்குகிறதா என்பது வேறு கேள்வி. நீ அதைச் சொல்லவில்லை, ஆனாலும் பார்த்துவிடு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, தண்டுக்கும் கேபிளுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியரில் வை. நம் வண்டியில் கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை, பாட்டுப் பெட்டியின் நினைவுக்குப் போகும் சில மில்லி ஆம்பியர் தவிர எதுவும் ஓடக் கூடாது. 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பார், எதை எடுத்தால் எண் விழுகிறது என்பது தெரிந்துவிடும். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடித்துவிடாதே. பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு இரண்டு பிரேக் விளக்கும் எரிந்தபடி நின்றால் 3.5 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர் அவர் போய்விடும்.

ஃபியூஸ் பெட்டியைத் திறக்கும்போது, முன்பு வண்டியை வைத்திருந்தவர் எங்காவது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருக்கிறாரா என்றும் பார். இருந்தால் அன்றைக்கே எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸ் போடு. வயர் எரிந்து வண்டி தீப்பிடிக்க அதுவே போதும். கேபினுக்குள் நீ மாட்டிய கலர் விளக்குகளையும் கூடுதல் ஹார்னையும் எந்த வயரில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்குக் கோபம் வரும் என்று நினைக்கிறேன்.

எந்த வேலைக்கும் முன்னால் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்று, மாட்டும்போது கடைசியாக மாட்டு. மாறிச் செய்தால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

தண்டிலிருந்து இன்ஜினுக்கும், துண்டு துண்டாகவும், ஆல்டர்னேட்டரிலும், பேட்டரியிலும் வந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் இரு தண்டுகளுக்கும் இடையே எவ்வளவு நிற்கிறது என்பதையும் அதில் சேர்த்துக்கொள். எர்த் நன்றாக இருந்தும் அது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ பார்க்க வேண்டியிருக்கும். பட்டை அறுந்திருந்தால் அங்கே தேடி அலையாதே; இங்கிருந்து வாங்கி, ஓசூர் போகும் ஏதாவது ஒரு லாரியில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா