இடக்கையில் போட வேண்டிய ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் பேஸ்மேக்கர் பற்றி வந்த கட்டுரையில், அதைப் பொருத்துமுன் பார்த்துவிட வேண்டிய ஒரு விஷயம் விடுபட்டிருந்தது. எக்கோ (இதயத்தை ஒலி அலைகளால் திரையில் காட்டும் பரிசோதனை) அறையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

கருவில் எல்லோருக்கும், தலை, கைகளிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரை இதயத்தின் இருபுறமும் உண்டு. பிறப்பதற்குள் இடப்பக்கத்தது சுருங்கி நாராகிவிட, வலப்பக்க மேற்பெருஞ்சிரை மட்டும் நிலைக்கும். ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இடப்பக்கச் சிரையும் மறையாமல், பெரும்பாலும் கரோனரி சைனஸ் (இதயத் தசையின் ரத்தத்தைத் திரட்டும் சிரை) வழியாக வலது மேலறையில் ரத்தத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும். சேர வேண்டிய இடத்துக்கே ரத்தம் சேர்வதால் ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் இராது. இடத் தோளுக்குக் கீழே செலுத்தும் பேஸ்மேக்கர் வயர் வலப்பக்கம் திரும்பாமல் மார்பின் இடப்புறமாகவே இறங்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

என் தாய்மாமாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரம் இழுத்தது. அதற்கு முந்தைய எக்கோ அறிக்கையிலேயே ‘கரோனரி சைனஸ் விரிந்துள்ளது’ என்ற வரி இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எக்கோ திரையில் இடது மேலறையை ஒட்டிச் சிறு கறுப்பு வட்டமாகத் தெரிவதுதான் கரோனரி சைனஸ். (அதற்கும் பின்னால் தெரியும் பெரிய வட்டம் மகாதமனி, புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.) அந்த வட்டம் பெரிதாக இருந்தால், சலைனையும் துளி காற்றையும் இரண்டு சிரிஞ்ச்களுக்கிடையே மாறி மாறித் தள்ளி, நுண்குமிழிகளாக்கி, இடக்கைச் சிரையில் செலுத்திப் பார்க்க வேண்டும். குமிழிகள் சேருமிடம் திரையில் வெளுக்கும். வலது மேலறைக்கு முன்னதாகக் கரோனரி சைனஸ் வெளுத்தால், இடப்பக்கச் சிரை இருக்கிறது என்று பொருள். இடது மேலறை முதலில் வெளுத்தால் சிரை அங்கே திறக்கிறது. அப்படிப்பட்டவருக்கு டிரிப்பில் வரும் காற்றுக்குமிழிகூட மூளைக்குப் போகக்கூடும். ஐயம் நீடித்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தெளிவாக்கிவிடும்.

ஏற்கெனவே ஊசி இருக்கிறதே என்று வலக்கையில் குமிழியைச் செலுத்தி, ‘இயல்பு’ என்று எழுதிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். வலப்பக்கச் சிரையும் இருப்பவருக்கு அது நேரே வலது மேலறைக்குப் போய்விடும். இடப்பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எனவே எந்தக் கையில் செலுத்தப்பட்டது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். பேஸ்மேக்கருக்கு மட்டுமன்றி, டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போடுபவருக்கும் அந்த வரி தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்கோ தொழில்நுட்பர்,
தஞ்சாவூர்.