கூடுதலாக ஒரு கேள்வி கேட்ட சிஸ்டருக்கு நன்றி

சொரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய்) வந்த என் தோல் என்னைப் படுத்திய பாடு இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். அந்தக் கதை வேண்டாம். இப்போது அரைக்கைச் சட்டை போட்டு வெளியே போகிறேன். நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதலில், ஊசி போடும் அறையில் இருந்த சிஸ்டருக்கு. மருந்து முடிவாகி, காசநோய்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, நான் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. என் எடையைக் குறித்துக்கொண்டே, படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டீர்கள்: "வீட்டில் யாருக்காவது குடல் கோளாறு இருக்கிறதா?" அண்ணனுக்குக் குரோன் நோய் (குடல் வீங்கிப் புண்ணாகும் நாள்பட்ட நோய்) என்றேன். "உங்களுக்கு வயிறு எப்படி?" அடிக்கடி போகும், சில நேரம் ரத்தமும் வரும் என்றேன். தோல் டாக்டரிடம் யார் இதையெல்லாம் பேசுவார்கள்! நீங்கள் ஊசியை அப்படியே வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போனீர்கள்.

எனக்கு எழுதியிருந்தது செகுகினுமாப். இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தை அடக்கும் மருந்து. சொரியாசிஸுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அதையே குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. பலன் இல்லை, சிலருக்கு நோய் கூடியும் போனது. தோலில் வம்பு செய்கிற அந்தப் புரதம் குடலில் காவல் வேலையும் பார்க்கிறதாம். டாக்டர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். குடல் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, அப்புறம் ரிசாங்கிசுமாபுக்கு மாற்றினார். அது தடுப்பது இன்டர்லூக்கின்-23-ஐ. குரோன் நோய்க்கும் கொடுக்கிற மருந்து.

ஆளுக்கேற்ற சிகிச்சை என்றதும் மரபணுப் பரிசோதனைதான் என் நினைவுக்கு வரும். எச்எல்ஏ-சி*06:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு உஸ்டெகினுமாப் என்ற இன்னொரு சொரியாசிஸ் மருந்து சற்றுக் கூடுதலாகக் கேட்கிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அதைப் பார்த்து மருந்து எழுதுவது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. எடை, மூட்டு வலி, குழந்தை பெறும் யோசனை, குடும்பத்தில் உள்ள நோய் என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். வெளியே அவ்வளவு பேர் காத்திருந்த அன்றைக்கும் நீங்கள் கேட்டீர்கள், சிஸ்டர்.

இரண்டு டாக்டர்களுக்கும், ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கும், என் வேலையைச் சேர்த்துப் பார்த்த நண்பர்களுக்கும், நள்ளிரவில் முதுகுக்குக் களிம்பு தடவிய என் மனைவிக்கும் நன்றி. புதிதாக ஊசி தொடங்குகிறவர் யாரைப் பார்த்தாலும் இனி வயிற்றைப் பற்றிக் கேட்பேன், சிரித்தால் சிரிக்கட்டும். அண்ணா, உனக்கும் நன்றி. உன் மறுபரிசோதனையை மட்டும் இனியும் தள்ளிப்போடாதே.